வாங்கக் கூடாத கீரை

மதுரையில் ஒரு நாலு மாடிக் குடியிருப்புக்குக் கீரைக்காரி என்றால் இருளாயிதான். அதன் சங்கச் செயலாளர் சாம்பசிவம். தாசில்தார் வேலை ஓய்வு பெற்றுவிட்டது, அதிகாரம் ஓய்வு பெறவில்லை.

ஒருநாள் காலை அவளை வாசலிலேயே மறித்தார். "இனிமே வீடு வீடாப் போய் விக்கத் தடை. கேட்டைத் தாண்டக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, கூவவும் கூடாது. முடிஞ்சா வித்துப் பாரு!"

வெயில் ஏறினால் கீரை வாடிவிடும். இருளாயி பணிவாகத் தலையாட்டினாள்.

"சரிங்கய்யா. ஆனா வீட்டுல இருக்கவங்களுக்குத் தடை தெரியாதே? பழக்க தோசத்துல வாங்கிப்புட்டா உங்க உத்தரவு என்னாகுறது? யாரும் வாங்காதீங்கன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. இன்னைக்கு மணத்தக்காளி, முருங்கை, அகத்தி, மூணுதான்."

சாம்பசிவத்துக்கு அது நியாயமாகப் பட்டது. படியேறி முப்பத்திரண்டு வீட்டு மணியையும் அடித்தார். "இருளாயி கீழே நிக்கிறா. மணத்தக்காளி, முருங்கை, அகத்தி எதையும் வாங்கக் கூடாது!" என்று வாசலுக்கு வாசல் முழங்கினார்.

மூச்சிரைக்க இறங்கி வந்து பார்த்தால், தெருப்பக்கத்துப் பால்கனிகளிலிருந்து கயிறு கட்டிய கூடைகள் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தன. முதல் கூடை அவர் வீட்டுக் கூடை.

"மணத்தக்காளி ரெண்டு கட்டு போடு இருளாயி!" என்றாள் மேலிருந்து அவர் மனைவி. "இவரு சொல்லித்தான் நீ வந்ததே தெரிஞ்சுச்சு."

ரெண்டு கட்டையும் கூடையில் வைத்துவிட்டு இருளாயி செயலாளரைக் கும்பிட்டாள்.

"இருபது வருசமாக் கூவுறேன், ஒருநாளும் முப்பத்திரண்டு கதவும் தொறந்ததில்லீங்கய்யா. நாளைக்கு அரைக்கீரை கொண்டாறேன். மறக்காம வந்து தடை போட்டுருங்க."