எந்த முட்டி?

அந்தப் பெரியாஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் அம்பலவாணன் வைத்ததுதான் சட்டம். "கத்தி எடுக்கிற நேரத்துல என்னை யாரும் கேள்வி கேட்கக் கூடாது" என்பார்.

அன்று லோடுமேன் சடையப்பனின் இடது முட்டியில் மருந்து தடவிவிட்டு, கத்திக்குக் கை நீட்டினார். கேஸ் ஷீட்டில் வலது என்றிருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். புது நர்ஸ் புஷ்பலீலா மட்டும் ஷீட்டை மறுபடி பார்த்தாள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போய், விழித்தபடி கிடந்த சடையப்பனிடம் குனிந்தாள்.

"அண்ணே, எந்த முட்டி வலி?"

"வலதும்மா."

டாக்டரின் கை அப்படியே நின்றது. "என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"உங்களைக் கேட்கக் கூடாதே சார். அதான் அவரைக் கேட்டேன்."

டாக்டர் வலது பக்கம் நகர்ந்து நின்றார். "முதல்லேருந்து ஆரம்பிப்போம். ஷீட்டைச் சத்தமா வாசிம்மா."