காது வைத்த விசிறி

முன்னொரு காலத்திலே செங்கழனி நாட்டை மணிமுடிராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் கடைசியாக எவன் வந்து காதைக் கடித்தானோ, அவன் சொன்னதுதான் அவனுக்கு வேதம்.

ஆற்றங்கரையில் பன்னிரண்டு ஏழடுக்கு மாளிகை கட்டி, பெரிய வணிகர்களுக்கு விற்றான். கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்கு ஓர் அதிசய யந்திரம் பரிசு என்று தண்டோராவும் போட்டாயிற்று. என்ன யந்திரம் கொடுப்பது? தானே திறக்கும் கதவா, பாடும் கிளியா? மந்திராலோசனை அறையில் ராஜாவும் அமைச்சர் கீரனாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது வாகைநாதன் எழுந்தான். சாமரம் வீசியே மேலே வந்த ஆள் அவன். கீரனார் பேரைக் கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, தானே ஆடும் விசிறி கொடுப்போம். காம்புக்குள் ஒரு பித்தளைக் குழாய். சுவருக்குள் இறங்கி, மண்ணுக்கடியில் ஓடி, நம் காவல் கொட்டடிக்கு வந்துவிடும். அவர்கள் வீட்டில் பேசுவதெல்லாம் நமக்குக் கேட்கும். செய்கிற ஆசாரி வெளியே சொல்லாமலிருக்க, வேலை முடிந்ததும் நாக்கை அறுத்துவிடலாம்."

"பேஷ்!" என்றான் ராஜா.

கீரனாருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "தூ! பால் காய்ச்சிக் குடிபோகிற வீட்டில் ஒற்றனைக் குடிவைப்பதா? ராஜா கொடுத்தது என்று கண்ணில் ஒற்றி நடுவீட்டில் மாட்டுவார்களே! இதைவிட வழிப்பறிக்காரன் மேல். அவனாவது முகத்துக்கு நேரே வருகிறான்!"

"குற்றமில்லாதவனுக்கு என்ன பயம், அமைச்சரே?" என்று பல்லிளித்தான் வாகைநாதன்.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கீரனாரே, மூன்று நாள் தருகிறேன். இது தப்பு என்று என் வாயாலேயே சொல்ல வையும். முடியாவிட்டால் ஆசாரி நாக்கும் போகும், உம்முடைய பதவியும் போகும். அப்புறம், என் கோடை மாளிகைக்கும் ஒரு விசிறி வேண்டும். என்னுடையதில் குழாய் கிழாய் கூடாது!"

அந்தக் கடைசி வார்த்தையைக் கீரனார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு வீட்டிலும் வாகைநாதன் ஆட்கள் அன்றைக்கே குழாய் பதிக்கத் தொடங்கினார்கள். விசிறி செய்யும் ஆசாரி மயிலனைப் பட்டறையிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். "காத்து வர நான் செஞ்ச பொருளை இப்படிக் கேவலப்படுத்திட்டாங்களே, சாமி!" என்று கொதித்தான்.

"ராஜா விசிறியிலும் குழாய் வை, மயிலா. மறுமுனை கோடை மாளிகை அவை மண்டபத்துச் சுதைச் சிங்கத்தின் வாயில் வர வேண்டும். மாட்டிக்கொண்டால் முதலில் போவது என் தலை."

"எனக்கென்ன சாமி, எப்படியும் போகப்போற நாக்குதானே!" என்று உளியை எடுத்தான் மயிலன்.

மூன்றாம் நாள் கோடை மாளிகையில் பால் பொங்கியது. விருந்து முடிந்து ராஜாவும் ராணி செண்பகவல்லியும் விசிறி மாட்டிய பள்ளியறைக்குள் இளைப்பாறப் போனார்கள். கீரனார் அவையோரை மண்டபத்தில் உட்கார வைத்து வெற்றிலைத் தட்டை நகர்த்தினார். திடீரென்று சிங்கம் பேசியது.

"மீசையைக் கழற்றி வையுங்கள், பாயசம் ஒட்டியிருக்கிறது." ராணியின் குரல்!

"கத்தாதே. இது ஆட்டு மயிர் என்று தெரிந்தால் மானம் போகும். நாளைக்கு ஊர்வலமாம். பட்டத்து யானையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது."

"வாகைநாதனிடம் சொல்லி நிறுத்துங்களேன்."

"அந்தக் கழுதையிடமா? துதி பாடத்தான் அவன் லாயக்கு."

தளபதி வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார். வாகைநாதன் முகம் சுண்டிப்போனது.

சற்று நேரத்தில் ராஜா மீசையை ஒட்டிக்கொண்டு வந்தான். அத்தனை கண்ணும் மீசையிலேயே. "என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?" என்றான். கீரனார்தான் எழுந்து, சிங்கத்தின் வாயைக் காட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னார்.

மண்டபம் அதிரக் கத்தினான் ராஜா. "என் பள்ளியறையில் காதா? நானும் என் பெண்டாட்டியும் பேசுவதை ஊர் கேட்பதா? அயோக்கியத்தனம்! துரோகம்!"

"உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள், மகாராஜா," என்றார் கீரனார். "குழாய் இல்லை என்று என்னை நம்பி மாட்டினீர்கள். வணிகர்கள் உங்களை நம்பி மாட்டப்போகிறார்கள். ஒட்டு மீசை குற்றமா? யானைக்குப் பயப்படுவது குற்றமா? ஆனாலும் உடம்பு கூசுகிறதல்லவா? இந்தக் கோபத்தை மூன்று நாளாக நான் ஒருத்தனே சுமந்தேன். இப்போதுதான் தோள் மாற்ற ஆள் கிடைத்தது."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! ராஜா பொத்தென்று சிங்காதனத்தில் உட்கார்ந்தான். ஒட்டு மீசையைத் தடவிவிட்டு, "வாகைநாதா!" என்றான். "பன்னிரண்டு வீட்டுக்கும் நீயே போ. பதித்த குழாயை உன் கையாலேயே தோண்டி எடு. எதற்குப் பதித்தாய் என்று வீட்டுக்காரர்களிடம் உரக்கச் சொல். நானும் சம்மதித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்."

பிறகு விரல் மோதிரத்தைக் கழற்றிக் கீரனாரிடம் நீட்டினான்.

"அதை மயிலனுக்குக் கொடுங்கள். அவன் நாக்கையும் அவனிடமே விட்டுவிடுங்கள்."

அந்த நாக்குக்கு அன்றைக்கே வேலை வந்துவிட்டது. வாகைநாதன் பின்னாலேயே பன்னிரண்டு வீட்டுக்கும் போய், மயிலன் திட்டின திட்டை இங்கே சொல்ல முடியாது.

மறுநாள் ஊர்வலத்தில் ராஜா ஒட்டு மீசையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தே போனான். ஊர் சிரித்தது. ராஜாவும் சேர்ந்து சிரித்தான். கீரனார் அங்கே இல்லை. மண்டபத்தில் ஒற்றை ஆளாக நின்று, கை நிறையக் குழைத்த சுண்ணாம்பை எடுத்து, சிங்கத்தின் வாயை அடைத்துக்கொண்டிருந்தார்.