வீடு இருக்கான்னு பார்க்கப் போனவள்

சிஷ்யருக்கு வயசு ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்துநாலுதான்.

சிஷ்யர் இசக்கிமுத்து, பட்டாளத்தில் இருபத்தோரு வருஷம் இருந்துவிட்டு வந்த மனுஷர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக ஆகிற படிப்பைப் படித்து முடித்தார். வேலை பழக அவரை ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆலோசகராக இருந்த செண்பகவல்லி டீச்சர்தான் குரு.

வந்த முதல் வாரமே ஒரு பிள்ளையின் பாடு பெரிய பாடாகிவிட்டது.

ஆறாம் வகுப்பு தங்கமாரி, மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பின்சுவர் ஏறிக் குதித்துவிடுவாள். பெரிய ரோட்டைத் தாண்டி ஒரே ஓட்டம். முக்கால் மணி கழித்து மூச்சு வாங்கத் திரும்பி வந்து நிற்பாள். எங்கே போனாய் என்றால் வாய் திறக்கமாட்டாள்.

தலைமையாசிரியர் அருளப்பன் அவளை நிற்க வைத்தே சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல இவ அப்பாவைக் கூப்பிட்டு, விடுதிப் பள்ளிக்கூடத்துல சேத்துருங்கன்னு சொல்லிருவேன். லாரி போற ரோடு. நாளைக்கு ஒண்ணுன்னா நான்தானே பதில் சொல்லணும்?"

விடுதி என்றதும் பிள்ளையின் முகம் செத்துப்போனதை இசக்கிமுத்து பார்த்தார்.

இரண்டு நாள் அவளை எதிரே உட்காரவைத்து, கேள்வித் தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார்.

"யாராவது அடிக்காங்களா?"

"இல்ல சார்."

"வகுப்பு பிடிக்கலையா?"

"பிடிக்கும் சார்."

"பிறகு ஏன் ஓடுற?"

"சும்மா சார்." கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "சார், மீசைக்கு எண்ணெய் தேய்ப்பீங்களா?"

புதன்கிழமை சாயங்காலம் அவர் டீச்சரிடம் வந்து நின்றார்.

"டீச்சர், நாப்பது கேள்வி கேட்டாச்சு. இனி எதைக் கேக்க?"

டீச்சர் கேள்வித் தாளை வாங்கி மேஜைக்குள் வைத்தார். மறுநாள் காலையில் தங்கமாரியைப் பையோடு வரச்சொன்னார். சுவர் ஏறி ஏறிப் பையின் வார் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. டீச்சர் ஊசியையும் நூலையும் எடுத்து இசக்கிமுத்து கையில் கொடுத்தார்.

"அண்ணே, பட்டாளத்துல பொத்தான் பிஞ்சா யாரு தைப்பா?"

"நாங்கதான்."

"அப்போ தைங்க. ஏ பிள்ள, நீ அந்த முனையைப் பிடிச்சுக்கோ. சார் கையில குத்திக்கிடாம பாத்துக்கோ."

சொல்லிவிட்டு டீச்சர் தன் மேஜைக்குப் போய் ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார்.

இசக்கிமுத்து குனிந்து தைத்தார். தங்கமாரி வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியையே பார்த்தாள்.

"இறுக்கித் தைங்க சார். ஓடும்போது தொங்கிக் கால்ல தட்டுது."

எங்கே ஓடுகிறாய் என்று கேட்கத் தலையை நிமிர்த்தினார். மேஜையிலிருந்து டீச்சர், வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். மறுபடி குனிந்துகொண்டார்.

"ரெட்டை நூல் போட்டிருக்கேன். யானை இழுத்தாலும் வராது."

இன்னும் நாலு தையல் போயிருக்கும்.

"எங்க பழைய வீட்டை இடிச்சுட்டாங்க சார். ரோடு அகலமாக்கணும்னு. நான் அப்போ பள்ளிக்கூடத்துல இருந்தேன். சாயங்காலம் போனா வீட்டையே காணோம். எங்கம்மா சட்டி பானையோட வேப்பமரத்தடியில உக்காந்திருக்கு."

ஊசி நின்றுவிட்டது.

"இப்போ இருக்கிற வீடு?"

"அது இருக்கான்னு பாக்கத்தான் போவேன். இருந்தா வந்துருவேன்." குரலைத் தாழ்த்தினாள். "சொன்னா சிரிப்பாங்கல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, பையை அவள் தோளில் மாட்டிவிட்டார்.

பிள்ளை போனதும் டீச்சரிடம் கேட்டார். "இது பட்டா வீடு, யாரும் தொடமாட்டாங்கன்னு சொல்லிரட்டுமா?"

"பழைய வீட்டுக்கும் யாராவது அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

"அப்போ என்னதான் செய்ய?"

"அவ பாக்கணும்ங்கா. அவ்வளவுதானே அண்ணே கேக்கா?"

இசக்கிமுத்து மாடிக்கு ஏறினார். வராந்தா ஓரத்தில் நின்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அரிசி ஆலை மறைத்தது. வீடு தெரியவில்லை. அன்று சாயங்காலமே தங்கமாரி வீட்டுக்குப் போனார். அவள் அப்பாவும் இவரும் சேர்ந்து, கூரைக்கு மேலே நெடுநெடுவென்று ஒரு மூங்கிலை நட்டுக் கட்டினார்கள். அம்மா ஒரு சிவப்புச் சேலையைக் கொண்டுவந்தாள்.

"கிழிஞ்சது சார். பரவால்லையா?"

"பறக்கத்தானே போகுது தாயி. தினம் சாப்பாட்டு மணிக்கு ஏத்திரணும்."

வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்தது. அருளப்பன் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பின்சுவர் ஓரமாக நின்றார்.

தங்கமாரி இசக்கிமுத்துவோடு மாடியில் நின்றாள். அரிசி ஆலைக்கு மேலே சிவப்பாக ஒன்று எழும்பியது. காற்றில் விரிந்தது.

"எங்கம்மா சேலை," என்றாள். பிறகு, "அப்போ வீடு இருக்கு."

இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். மணி அடிக்கும் முன்னே முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகியும் சுவரேறிக் குதிக்க ஆளில்லாமல், அருளப்பன் சார் தனியாக நின்றார்.

"என்னய்யா மந்திரம் போட்டீரு?" என்றார், இறங்கி வந்த இசக்கிமுத்துவிடம். அதற்குப் பிறகு விடுதிப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கோட்டையைப் பிடித்த படை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார் இசக்கிமுத்து. பிள்ளைகள் அவருக்கு சல்யூட் வைத்தார்கள். இவரும் விறைப்பாகத் திருப்பி வைத்தார்.

மூன்று வாரம் அப்படியே போனது. தினமும் அவர் மாடியில் நிற்பார், அவள் ஓடிவருவாள், பார்ப்பாள், இறங்குவாள்.

ஒருநாள் அவர் நின்றார். சேலை ஏறியது. தங்கமாரி வரவில்லை. எட்டிப் பார்த்தார். கீழே மரத்தடியில் நாலு பிள்ளைகளோடு கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். "நீ கள்ள ஆட்டம் ஆடுற, போடி," என்று யாரோடோ சண்டை. மணி அடித்ததும் அப்படியே வகுப்புக்குள் போய்விட்டாள்.

இசக்கிமுத்து பதறிப்போய் டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், அவ இன்னைக்கு மாடிக்கு வரவே இல்ல. அங்க சேலை பறந்துகிட்டிருக்கு, இவ பாக்கல. போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். ஆறாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்வது கேட்டது. தங்கமாரி குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

"அவ மறந்துட்டா அண்ணே," என்றார் டீச்சர். "நீங்க போய் ஞாபகப்படுத்தப் போறீங்களா?"