சர்வாதிகாரி ஏற முடியாத குதிரை

ரோமாபுரியில் போர் மூண்டதும் வொலும்னியஸைச் சர்வாதிகாரியாக அமர்த்தினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. களத்துக்குக் கிளம்பும்போது, சந்தைக் கூட்டத்தின் நடுவே, குதிரைக்காரன் பிலோனைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல எனக்கு மேல எவன்டா இருக்கான்? காட்டு! இல்லேன்னா முதுகுத் தோலை உரிச்சிடுவேன்."

பிலோன் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினான். "காட்டுறேன் எஜமான். முதல்ல ஏறுங்க."

குதிரையின் பிடரியைப் பற்றிய வொலும்னியஸின் கை அப்படியே நின்றது. சர்வாதிகாரியே ஆனாலும் ஜனங்களிடம் அனுமதி வாங்காமல் குதிரையேறக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். பதவி வந்த மிதப்பில் அவர் அதைக் கேட்கவே மறந்திருந்தார்.

"அதோ நிக்கிறாங்க எஜமான்" என்று கூட்டத்தைக் காட்டினான் பிலோன்.

களத்துக்கு நடந்தா போக முடியும்? வொலும்னியஸ் தொண்டையைச் செருமினார். "ஏறிக்கட்டுமா?"

மீன்காரி ஒருத்தி கூடையை நிதானமாக இறக்கிவைத்தாள்.

"இருங்க, யோசிச்சுச் சொல்றோம்."