ஆமையக்கா கொடுத்த நரம்பு

ஆமைகளும் மனிதர்களும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், மனிதரின் முகத்துக்கும் நெஞ்சுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கன்னத்தை முள் கிழித்தால் கன்னம் மட்டும் வலிக்கும். கண் கலங்காது, மூக்கு ஒழுகாது. நெஞ்சு ஒருமுறை பயந்து அடிக்கத் தொடங்கினால், அதுவாக ஓய்ந்தால்தான் உண்டு. அதனால் யாரும் கடலுக்குள் மூழ்கியதில்லை. நீர் வற்றிய நேரத்தில் பாறைகளுக்கு நடுவே நடந்து, கிடைத்த சிப்பியைப் பொறுக்கிக்கொண்டு, நீர் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடுவார்கள்.

பவளாயியும் அவள் கணவன் சங்கனும் அப்படிப் பிழைத்தவர்கள்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஒரு நாள் காலையில் அவர்கள் வழக்கத்தைவிடத் தூரம் போய்விட்டார்கள். ஒரு பாறையின் அடியில் பெரிய சங்கு ஒன்று தெரிந்தது. சங்கன் அதை எடுக்கக் கல்லைப் புரட்டினான். கல் சரிந்து அவன் கணுக்காலின் மேலேயே விழுந்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் கால் வரவில்லை. இருவரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். கல் அசையவில்லை. அதற்குள் நீர் ஏறத் தொடங்கிவிட்டது.

பவளாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"மாமா, அடியில ஒரு சின்னக் கல்லு முட்டுக் கொடுத்திருக்கு. அதை உருவிட்டா பெருசு உருண்டுரும்."

"நீ கரைக்குப் போ புள்ள. தண்ணி ஏறுது."

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

மறுபடியும் மூழ்கினாள். சின்னக் கல் கைக்கு எட்டியது. ஆனால் அதைப் பிடித்து ஆட்டுவதற்குள் நெஞ்சு தடதடவென்று அடித்து, இருந்த மூச்சையெல்லாம் தின்றுவிட்டது. மேலே வந்தாள். மீண்டும் போனாள், மீண்டும் வந்தாள். சங்கனின் இடுப்பில் இருந்த நீர் மார்புக்கு ஏறியது.

பக்கத்தில் பாசி மேய்ந்துகொண்டிருந்த கடலாமை ஒன்று தலையைத் தூக்கியது.

"தங்கச்சி, உன் நெஞ்சு போடுற சத்தம் எனக்கே கேக்குது. அது இப்படி ஓடுனா மூச்சு எப்படி நிக்கும்?"

"உனக்கு மட்டும் எப்படிக்கா நிக்குது?" என்று இரைக்க இரைக்கக் கேட்டாள் பவளாயி.

"என் பிடரியில ஒரு நரம்பு இருக்கு. முகத்துல குளிர்ந்த தண்ணி பட்டதும் அது நெஞ்சுக்குச் சொல்லிரும். நெஞ்சு நிதானமாயிரும்."

"அதுல பாதி எனக்குக் கொடுக்கா."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்து, மறுபடியும் வெளியே நீட்டியது. பிறகு, "ஓட்டுக்குள்ள தலையை இழுக்குறதும் அதே நரம்புதான். பாதி போச்சுன்னா தலை உள்ள வராது. சுறா வந்தா நான் எங்க போய் ஒளியுறது?" என்றது.

அது கேட்டது நியாயம்தான் என்று பவளாயிக்குப் பட்டது. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பவும் மூழ்கினாள்.

இந்த முறை அளவுக்கு மீறி உள்ளே இருந்துவிட்டாள். மேலே வந்தபோது மூக்கிலும் வாயிலும் தண்ணீர். இருமி முடிக்கவில்லை, அதற்குள் மறுபடியும் குனியப் போனாள். சங்கனின் தாடையை அலை தொட்டது.

"நில்லு தங்கச்சி" என்று ஆமை கிட்டே வந்தது. "பாதி நரம்பு தரேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. இதைக் கட்டிட்டா முகத்து வலி முகத்தோட நிக்காது. கண்ணுக்குப் போகும், மூக்குக்குப் போகும். நீ மறைக்கணும்னு நினைச்சாலும் முடியாது."

"கட்டுக்கா, சீக்கிரம்!"

ஆமை கழுத்தை வளைத்துத் தன் நரம்பில் பாதியை அலகால் கடித்து எடுத்தது. பவளாயியின் பிடரியில் அதை முடிந்தது. ஒரு முனையை மூன்றாகப் பிரித்து நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று ஓட்டியது. மறுமுனையை நெஞ்சுக்கு இறக்கியது. மிஞ்சிய மெல்லிய இழைகள் கண்ணுக்கும் மூக்குக்கும் போய்ச் சேர்ந்தன.

பவளாயி மூழ்கினாள். குளிர்ந்த நீர் முகத்தில் பட்டது. அவ்வளவு நேரம் தறிகெட்டு அடித்த நெஞ்சு, யாரோ தடவிக் கொடுத்ததுபோல மெல்ல அடங்கியது. மூச்சு முட்டவில்லை. முதல் முறையாக அவளால் அவசரப்படாமல் கையை நீட்ட முடிந்தது. சின்னக் கல்லை இடமும் வலமும் ஆட்டினாள். அது இளகியது. ஒரே இழுப்பாக உருவினாள். பெரிய கல் உருண்டபோது, அதில் ஒட்டியிருந்த சிப்பி அவள் கன்னத்தைக் கீறிவிட்டுப் போனது.

அவள் மேலே வந்தபோது சங்கனின் வாய் நீருக்குள் இருந்தது. மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனை இழுத்து ஆமையின் முதுகைப் பிடிக்க வைத்தாள். மூவரும் கரை சேர்ந்தார்கள்.

மணலில் மல்லாந்து கிடந்த சங்கன் மூச்சு திரும்பியதும் மனைவியைப் பார்த்துப் பதறினான். "பவளாயி! கண்ணுல என்ன தண்ணி வருது? மூக்கும் ஒழுகுதே! கடல் உள்ள போயிருச்சா?"

"கன்னம் எரியுது மாமா. அதான்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கும் வரை சிரித்தான்.

ஆமை தலையை உள்ளே இழுத்துப் பார்த்தது. பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"எங்களால உனக்கு இப்படி ஆயிருச்சேக்கா" என்றான் சங்கன்.

"ஒளிஞ்சாத்தானா? சுறாவைவிட வேகமா நீந்திட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, அலைக்குள் இறங்கிப் போனது.

அடுத்த மழைக்காலத்தில் பவளாயிக்குப் பெண் பிறந்தது. ஒரு நாள் இடிச் சத்தத்துக்குக் குழந்தை வீறிட்டது. சின்ன நெஞ்சு படபடவென்று துடித்தது. பவளாயி குளிர்ந்த நீரைக் கையில் தொட்டு அதன் நெற்றியையும் கன்னத்தையும் துடைத்துவிட்டாள். துடிப்பு இறங்கியது. நரம்பு மகளுக்கும் வந்திருந்தது. அந்த மகளின் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் கரைகரையாகப் பரவி உலகத்தை நிறைத்தார்கள்.

ஆமையக்கா நரம்பைக் கொடுத்த அன்று முதல்தான் கடலாமையின் தலை ஓட்டுக்குள் போவதில்லை. மூக்கில் அடிபட்டால் நம்மைக் கேட்காமலே கண்ணில் நீர் வந்துவிடுகிறது. நெஞ்சு பதறும்போது குளிர்ந்த நீரை முகத்தில் அடித்துக்கொண்டால், அது மெல்ல மெல்ல அடங்குகிறது.