கொடுக்கைக் கொடுத்து வாங்கிய வாசம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது வீரசின்னம்மாள். என் இளைய மகன் பிறந்த ஐப்பசி மழையில், பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள். மலையடிவாரத்துக்காரி. பால் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் நான் தவித்த ஒரு மத்தியானம், "கதை கேட்டா வலி தெரியாதுக்கா" என்று ஆரம்பித்தாள். அந்த மகன் இப்போது என்னைவிட உயரம். வெளியூரில் வேலை பார்க்கிறான். கதை மட்டும் என்னோடேயே இருக்கிறது. கடவுளை நினைத்துக்கொண்டு, அவள் சொன்னபடியே சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் பூச்சிக்கும் மரத்துக்கும் மனுஷருக்கும் பேச்சு ஒன்றுதான். தேனீ என்று பிறந்தால் கொடுக்கோடுதான் பிறக்கும். பாறையில் கூடு கட்டுகிற பெரிய மலைத்தேனீக்கும் கொடுக்கு உண்டு, பொந்தில் ஒண்டுகிற கொசுத்தேனீக்கும் உண்டு. கொசுத்தேனீ பார்த்திருப்பீர்கள். கறுப்பாக, கொசு அளவுதான் இருக்கும். அதற்கும் ஒரு கொடுக்கு, பூனைமுடி மாதிரி.

அப்படி ஒரு கொசுத்தேனீக் கூட்டத்துக்குத் தாயாக இருந்தவள் மெழுகாயி. அவளுக்கு வயிறு நிறைய முட்டை. இட்டுவைக்கத்தான் இடம் இல்லை.

மரப்பொந்தில் குடியேறினார்கள். கட்டெறும்பு வந்தது. பாறை இடுக்குக்குப் போனார்கள். அங்கேயும் வந்தது. கரையான் விட்டுப்போன புற்றுக்குள் நுழைந்தால் ஒரு பக்கம் மழைத் தண்ணீர், மறுபக்கம் கட்டெறும்பு. தேன் வாசம் பிடித்துப் பின்னாலேயே வந்துவிடும். குத்தி விரட்டலாம் என்றால் குத்துகிற மகள் அங்கேயே விழுந்து செத்துப்போவாள். குத்துப்பட்ட எறும்புக்குப் பின்னால் ஆயிரம் எறும்பு வரும். செத்த மகளுக்குப் பின்னால் வர ஒருத்தி வேண்டுமானால் மெழுகாயி முட்டை இட்டாக வேண்டும். அதற்கு ஒரு வீடு வேண்டும். இறக்கையை மடக்க நேரமில்லாமல் அந்தக் கூட்டம் அலைந்துகொண்டே இருந்தது.

எறும்புக் கூட்டத்தின் பெரியவன் கேலிக்காரன். மெழுகாயியை முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"என்ன மருமகளே, இங்கேயும் பால் காய்ச்சியாச்சா? மாமனுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

மெழுகாயியின் மகள்களில் துரும்பி என்று ஒருத்தி. உடம்பில் சிறியவள், வாயில் பெரியவள். "கூப்பிடாமலே வந்து நிக்கிறீங்களே மாமா, உங்களுக்குப் பத்திரிகை ஒரு கேடா?" என்பாள்.

"துரும்பி, வாயை மூடு. பற" என்பாள் தாய். மறுபடியும் பறப்பார்கள்.

கடைசியில் காட்டோரத்தில் ஒரு மண்சுவர் வீடு அகப்பட்டது. சுவரில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. உள்ளே நல்ல இருட்டு, நல்ல வெதுவெதுப்பு. மெழுகாயி உள்ளே போய் ஒரு மூச்சு விட்டாள். அந்த ஒரு மூச்சுதான். வெளியே ஒரு குரல் கேட்டது.

"யாரது என் சுவத்துக்குள்ள?"

அது ராக்கு. அந்த வீட்டுக்காரி. ஒரு கையில் குழைத்த மண் உருண்டை, இன்னொரு கையில் தூளிக் கயிறு. தூளியில் கிடந்த பிள்ளை ஒரு வாரமாகக் கண் மூடவில்லை. சிணுங்குவதும் உதைப்பதுமாக இருந்தது. ஆட்டி ஆட்டி அவளுக்கும் கை ஓய்ந்துபோயிருந்தது.

"நான்தான் தாயி, மெழுகாயி. பிள்ளைத்தாய்ச்சி. ஒண்ட ஒரு ஓரம் குடு."

"கொடுக்கு இருக்கா?"

மெழுகாயிக்குப் பொய் சொல்ல வராது. "இருக்கு."

"அப்போ ஆகாது. பச்சப்பிள்ளை இருக்கிற வீடு."

"நாங்க சும்மா குத்த மாட்டோம் தாயி."

"எல்லாக் கொடுக்கும் அப்படித்தான் சொல்லும். நீயும் பிள்ளைத்தாய்ச்சிங்கிறதால பொழுது சாயிற வரைக்கும் விடுறேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு இந்த மண்ணை எடுத்து ஓட்டையில அப்பிடுவேன். உள்ளே இருந்தா உள்ளேயே கிடப்பீங்க."

சொல்லிவிட்டு மண் உருண்டையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனாள்.

துரும்பி வெளியே எட்டிப் பார்த்தாள். தூரத்து வேலி மேல் எறும்புச் சாரை கறுப்புக் கயிறு மாதிரி நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

"அம்மா, கொடுக்கு இருந்தா அவ மண்ணை அப்புவா. கொடுக்கு இல்லேன்னா மாமன் உள்ளே வருவான். எதுக்குத்தான் சாகிறது?"

மெழுகாயி உள்ளேயே இங்கும் அங்கும் நடந்தாள். நடக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பு ஒரு நாள் இடி விழுந்து பிளந்த குந்திரிக்க மரத்துக் கிளை ஒன்றைக் கடந்து பறந்திருக்கிறாள். பிளந்த இடத்தில் பளபளவென்று ஒரு சொட்டு. அதில் ஒரு எறும்பு கால் மாட்டி, அசைய முடியாமல் நின்றிருந்தது.

"கிளம்புங்க எல்லாரும். அந்த மரத்துக்கிட்டே போறோம்."

மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தக் கிளை எப்போதோ முறிந்து விழுந்திருந்தது. மரம் முழுக்க மூடிய பட்டை, ஒரு கீறல் கிடையாது. அந்த நாளில் மரங்களுக்குப் பிசின் வடியாது. எல்லாம் உள்ளேயே இருக்கும்.

"சாமி மரமே, உள்ளே இருக்கிற பசையில கொஞ்சம் குடு. என் முட்டையைக் காப்பாத்தணும்" என்று கேட்டாள் மெழுகாயி.

குந்திரிக்க மரம் முனகியது. "எல்லாரும் கேட்கத்தான் வர்றீங்க. கொடுக்க என்ன வச்சிருக்கே?"

துரும்பிக்குப் பொறுக்கவில்லை. தாய் இவ்வளவு கெஞ்சுகிறாளே என்ற கோபம். மரத்தின் மூக்குக்கு நேரே பறந்துபோய், "கொடுக்கு வச்சிருக்கோம்! பார்க்கிறியா?" என்றாள்.

மிரட்டத்தான் சொன்னாள். மரமோ இலையெல்லாம் குலுங்கச் சிரித்தது. "அதைத்தானே கேட்டேன்? கொடு."

"என்னது?"

"கொடுக்கத்தான் கொடுக்குன்னு நானும் நினைச்சிருந்தேன். உங்க ஜாதியில யாரும் கொடுத்ததில்லை, குத்தித்தான் பார்த்திருக்கேன்." பிறகு மரத்தின் குரல் தணிந்தது. "எனக்குக் கை இல்லை, நகம் இல்லை. பால் கட்டின மார் மாதிரி உள்ளே கட்டிக்கிட்டுக் கிடக்கு. வெளியே வர ஒரு துளை இல்லை. வலி தாங்கலை. உன் ஊசியை என் பட்டையில இறக்கி அங்கேயே விட்டுடு. வடியிறதெல்லாம் உனக்கு."

கூட்டம் முழுதும் இரைந்தது. குத்தினால் சாவு, அது எல்லாருக்கும் தெரியும். துரும்பி தாயின் முன்னால் வந்து மறித்தாள். "நான் போறேன்மா. நீ முட்டைக்காரி."

"நீ போய்ச் செத்தா அடுத்தவ வருவாளா? தாய் செய்யாததை மகளைச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வராது." மெழுகாயி பட்டையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "தெய்வமே, என் வயித்துல இருக்கிறதை நீ பார்த்துக்கோ." கொடுக்கை இறக்கினாள்.

வலித்தது. பழக்கத்தில் பதறிப் பறக்கப் பார்த்தாள்.

"பறக்காதே!" என்றது மரம். "பிய்ச்சுக்கிட்டு ஓடுறதாலதான் உங்க உயிர் போகுது. அசையாம இரு. நானா வாங்கிக்கிறேன்."

இறக்கையை மடக்கி ஒரு இடத்தில் சும்மா இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கணமும் ஓடு, ஓடு என்று உடம்பு சொல்கிறது. பொழுதோ சாய்கிறது. ஆனாலும் இருந்தாள். மரம் பிள்ளையின் காலில் முள் எடுப்பது போல மெதுவாக, மெதுவாகக் கொடுக்கை உள்ளே வாங்கிக்கொண்டது. வலி விட்டது. மெழுகாயி சாகவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கண்ணீர்ச் சொட்டு திரண்டு நின்றது.

"அப்பாடா" என்றது மரம்.

அவ்வளவுதான், மகள்கள் கிளம்பிவிட்டார்கள். சிலர் அதே மரத்தில் உட்கார்ந்தார்கள். சிலர் கருங்குங்கிலிய மரத்துக்கு ஓடினார்கள். துரும்பி தன் தோழிகளோடு சாம்பிராணி மரத்துக்குப் போனாள். காடு முழுக்க அப்பாடா, அப்பாடா என்று கேட்டதாம். ஆளுக்கொரு பசை உருண்டையைப் பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

சனியன், அங்கேதான் சண்டை. "எங்க மரத்துப் பசைதான் உசத்தி" என்று ஒவ்வொருத்தியும் தன்னுடையதை மட்டும் வாசலில் பூசினாள். குந்திரிக்கம் காற்றுப் பட்டதும் உலர்ந்து பொடியாக உதிர்ந்தது. கருங்குங்கிலியம் கல்லாக இறுகி, போக வரவே வழியில்லாமல் வாசலை அடைக்கப் பார்த்தது. துரும்பி பூசிய சாம்பிராணி இறுகாமல் குழைவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இனிப்பு வாசம் வேலி வரைக்கும் போயிற்று.

"வேகமா நடங்கடா, மருமக வீட்டுல பலகாரம் செய்யிறா!" என்ற சத்தம் கேட்டது.

மெழுகாயிக்குப் பேச நேரமில்லை. வாசலில் இருந்த மூன்றையும் சுரண்டி ஒன்றாகச் சேர்த்தாள். வாயில் இருந்த மெழுகை மென்று போட்டாள். கடைசியாக மிச்சம் இருந்த ஒரு சொட்டுத் தேனை விட்டாள். "சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். எல்லாரும் மிதிங்க." எல்லாரும் மிதித்தார்கள். யார் பசை எது என்று தெரியாதபடி மிதித்தார்கள். வெயில் ஏறியிருந்த மண்சுவரின் சூட்டில் அது குழைந்து, பழுத்த பேரீச்சம்பழ நிறத்துக்கு வந்தது. உதிரவில்லை, இறுகவில்லை. வாசமும் மாறியது. குந்திரிக்கத்தின் காரமும் இல்லை, குங்கிலியத்தின் கசப்பும் இல்லை, சாம்பிராணியின் இனிப்பும் இல்லை. மூன்றும் சேர்ந்து நாலாவதாக ஒன்று. அதை வாசல் சுற்றிலும் மெழுகி முடிக்கவும் எறும்பு வரவும் சரியாக இருந்தது.

பெரியவன் வாசலில் நின்று பார்த்தான். "கொடுக்கு எங்கே மருமகளே?"

"கொடுத்துட்டோம் மாமா."

"கொடுக்கில்லாத வீட்டுக்குக் கதவு எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே காலை எடுத்து வைத்தான். அடுத்த காலைத் தூக்கினான். முதல் கால் வரவில்லை. அதை இழுக்க இன்னொரு காலை ஊன்றினான். அதுவும் போயிற்று. பின்னால் வந்தவர்கள் அவன் மேல் வந்து முட்டினார்கள்.

"என்னடி இது!"

துரும்பி உள்ளேயிருந்து பணிவாகச் சொன்னாள். "வாசல் மெழுகியிருக்கு மாமா. காயலை. பார்த்து வரக் கூடாதா?"

சாரை திரும்பிப் போயிற்று. பெரியவனை நாலு பேர் பிடித்து இழுத்து, ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் கொண்டுபோனார்கள்.

சொன்னபடி விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராக்கு வந்தாள். மண் உருண்டையை எடுத்தாள். ஓட்டைக்கிட்டே குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே தூளிச் சத்தம் இல்லை. பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளை வாயைத் திறந்து தூங்குகிறது. வீடு பூராவும் அந்த வாசம், சுவர் வழியாக.

திரும்பி வந்து ஓட்டையில் விரலை வைத்தாள். கொசுத்தேனீக்கள் விரல் மேல் ஏறின, இறங்கின. குத்தவில்லை.

"கொடுக்கு?"

"உன் பிள்ளைக்காகவும் என் பிள்ளைக்காகவும் கொடுத்துட்டேன் தாயி."

ராக்கு கையிலிருந்த மண்ணைத் தூர எறிந்தாள். கண் கலங்கிவிட்டது. "அந்த வாசத்துக்குப் பக்குவம் சொல்லு. நாளைக்கும் இது தூங்கணுமே."

மெழுகாயி சொன்னாள். "சாம்பிராணி கூட, குந்திரிக்கம் கொஞ்சம், கருங்குங்கிலியம் அதைவிடக் கொஞ்சம். தட்டிப் பொடியாக்கி, மெழுகும் தேனும் விட்டுப் பிசை. அடுப்புக்குப் பக்கத்துல வை, அடுப்பு மேல வைக்காதே. இளகினதும் உருட்டி ஒரு மண்கலயத்துல மூடி வை. உடனே எடுக்காதே, ஒண்ணோட ஒண்ணு ராசியாகட்டும். பிறகு ஒரு உருண்டையைத் தணலில் போட்டு, முதல்ல வாசல்ல காட்டு. அங்கேதான் ஆபத்து நிக்கும்."

அன்று பொழுது அடங்குவதற்குள் மெழுகாயி அந்தச் சுவருக்குள் முட்டையிட்டாள். இறக்கையை மடக்கினாள். அவ்வளவு நாள் அலைந்த அலைச்சல் எங்கே போயிற்று என்று கேட்டால், ராக்கு பிறகு வாசலில் காட்டிய அந்தப் புகைக்குள் போய்விட்டது என்பாள் வீரசின்னம்மாள். அதனால்தான் சாம்பிராணிப் புகை ஒரு இடத்தில் நிற்பதில்லை. மூலை மூலையாகப் போய், இடம் தேடிக்கொண்டே இருக்கிறது. அத்தர் விற்கிறவர்கள் இப்படிப் பிசின் சேர்த்த கலவையை அம்பர் வாசம் என்கிறார்களே, அதை முகர்ந்தால் எனக்கு அந்த மண்சுவர்தான் ஞாபகம் வரும்.

கொசுத்தேனீ குத்தாமல் வாசலில் பிசின் மெழுகுவதும், காட்டு மரம் பட்டை வழியே கண்ணீர் விடுவதும், நாம் பிசின்களைச் சேர்த்துப் பிசைந்து முதல் புகையை வாசலுக்குக் காட்டுவதும் அன்று முதல்தான்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் சின்னதாக ஒரு மெழுகுக் குழாய் நீட்டிக்கொண்டு, கறுப்பாக நாலு பூச்சி போய் வந்துகொண்டிருக்கலாம். வெள்ளையடிக்கிறபோது அந்த ஓட்டையை மட்டும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள்.