சூடான தோசைக்கு மூன்று பங்காளிகள்

வெண்குடி அரசவையில் விகடம் சொல்லிப் பிழைப்பவன் நான். எனக்கு வெளியில் எதிரி கிடையாது. என் நாக்கு ஒன்றே போதும்.

அமைச்சர் திருமேனிநாதர் அரண்மனைச் செலவில் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்தார். நாற்பது ஆட்கள், எல்லாரும் அவர் மைத்துனன்மார். ஒரு இட்லி வாங்க நாலு பேரிடம் முத்திரை வாங்க வேண்டும்.

"மேற்பார்வைக்கு முப்பத்தொன்பது பேர், அடுப்புக்கு ஒருவர்! மூன்று பேர் போதுமே, பிரபோ" என்றேன் மன்னரிடம்.

"அப்படியா? ஒரு காசு தரமாட்டேன், நீயே கடை போடு. அடுத்த பௌர்ணமியன்று வருவேன். நானே இன்னொன்று கேட்டு வாங்கித் தின்ன வேண்டும். இல்லையென்றால் அவைப் பக்கம் வராதே" என்றார் மன்னர்.

அவையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பும் தெரியாது. முதல் நாள் நானே தோசை வார்த்தேன். காக்கை கூடக் கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

பிறகுதான் புத்தி வந்தது. அரண்மனையிலிருந்து துரத்தப்பட்ட இருவரைத் தேடிப் பிடித்தேன். செங்கமலம் என்ற சமையல்காரி, உணவில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிப்பவரைத் தாண்டி, மன்னருக்குத் தோசையைச் சூடாகவே கொண்டுபோகப் பார்த்தவள். பூதலிங்கம் அண்ணன்தான் அந்தச் சோதனைக்காரர். சோதிக்கிறேன் என்று தட்டையே காலி செய்தவர்.

"லாபத்தில் ஆளுக்கு ஒரு பங்கு" என்றேன்.

"நீங்க மட்டும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது, ஐயா. சம்மதம்னா சொல்லுங்க" என்றாள் செங்கமலம்.

தோசைக்கல் அவள் வீட்டிலிருந்து வந்தது. உடைந்த தேர்ச்சக்கரம் மேசையானது. அண்ணன் தின்னும் அழகைப் பார்த்தே கூட்டம் சேர்ந்தது.

பௌர்ணமியன்று மன்னர் வந்தார். கூடவே அமைச்சரும் வந்தார்.

"நில்லுங்கள்! சோதனைக்காரர் தின்று ஒரு நாழிகை போன பிறகே மன்னர் உண்ணலாம். அது சட்டம்" என்றார் அமைச்சர்.

அந்தச் சட்டத்தால் மன்னர் இருபது வருடமாக ஆறிப்போனதைத்தான் தின்கிறார், பாவம்.

"சட்டப்படியே ஆகட்டும்" என்றேன். "போன நாழிகையில் அண்ணன் இதே மாவில், இதே சட்னியோடு தின்றார். அதற்கு முந்தைய நாழிகையிலும்தான். விடிந்ததிலிருந்து நிறுத்தவே இல்லை. ஆள் எப்படி இருக்கிறார், பாருங்கள்!"

அண்ணன் சாட்சியாக ஒரு ஏப்பம் விட்டார்.

செங்கமலம் கல்லிலிருந்து நேரே இலையில் போட்டாள். மன்னர் விரலைச் சுட்டுக்கொண்டார். நாக்கையும் சுட்டுக்கொண்டார். கண்ணில் நீரோடு, "இன்னொன்று போடம்மா!" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அமைச்சர் விடவில்லை. "சுட்டது அவள். தின்றது அவர். இவர் என்ன செய்தார்?"

மன்னர் என்னைப் பார்த்தார்.

"செங்கமலத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், பிரபோ. அடுப்புப் பக்கமே போகவில்லை."

மன்னர் புரையேறச் சிரித்தார். முத்துமாலையைச் செங்கமலத்துக்கும் மோதிரத்தை அண்ணனுக்கும் கொடுத்தார். எனக்கு என் பழைய இடமே மிஞ்சியது.

பிறகு திரும்பி, "அமைச்சரே, உம்முடைய முப்பத்தொன்பது பேரையும் இவனிடம் அனுப்பும். அடுப்புப் பக்கம் போகாமலிருக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வரட்டும்" என்றார்.